அகப்பைத் தீவு

ட்ரோம்சோவில், நான்காவது மாடியில்,
மேகம் பார்ப்பது என் வேலை.
நூறு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு செயற்கைக்கோள்
துருவத்தைக் கடந்து வந்து
கண்டதையெல்லாம் கொட்டிவிட்டுப் போகும்.
கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே பெரும்பாலும் வெள்ளை.
வெள்ளைக்குள் வேறு வெள்ளை.
பனிக்கட்டியா மூடுபனியா என்று
எண்களைக் கூட்டிக் கழித்துச் சொல்லவேண்டும்.

அந்த வெள்ளையில் யான் மாயன் தீவு
பல நாள் தெரிவதே இல்லை.
அது இருப்பது அதன் முதுகுக்குப் பின்னால்தான் தெரியும்.
வடக்கிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி இரண்டாகி
தெற்கே போகப் போக
ஒன்று இடஞ்சுழி, ஒன்று வலஞ்சுழி,
மறுபடி இடம், மறுபடி வலம்,
முந்நூறு கிலோமீட்டருக்கு மேகம் சுழித்துக்கொண்டே போகும்.
துடுப்புப் போட்ட தடம் இருக்கும்.
படகு இருக்காது.

வானம் வழிவிட்ட நாளில் பார்த்தால்
ஓர் அகப்பை.
தென்மேற்கே ஒடுங்கிய காம்பு,
நடந்தே கடந்துவிடக்கூடிய இடுப்பு,
வடகிழக்கே கவிழ்த்துவைத்த குழிவு:
பீரன்பெர்க் எரிமலை.
தலையெல்லாம் பனி, பனியின் நடுவே வாய்.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
சட்டி கடலுக்கு அடியில்.
எழுபதாம் ஆண்டு பொங்கி அது
கரையோரம் ஊற்றிய புது நிலம்
படத்தில் இன்னும் மற்றதைவிடக் கறுப்பு.

இடுப்பருகே பதினெட்டுப் பேர்.
அதில் ஒருவன் சமையல்காரன்.
ஹால்வர். முன்பு எனக்குக் கணவன்.

வியாழக்கிழமைகளில் கூப்பிடுவான்.
பிரிந்தபின் எங்களுக்கு மிச்சமிருக்கும் பேச்சு
வானிலை மட்டும்.
அதிலும் அவன் கீழே, நான் மேலே.
"மூன்று வாரமாக மலையைப் பார்க்கவில்லை" என்றான்.
நான் பார்த்தேன், செவ்வாயன்று.
மேகத்துக்கு மேலே உச்சி மட்டும், பால்பல் மாதிரி.
"எப்படி இருந்தது?"
நிழல் நீளமாக இருந்தது என்றேன்.
கிழக்குச் சரிவின் பனியாற்றில் ஒரு புது விரிசல்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளிய மரங்கள்
கறுப்பு மணலில் எலும்பாய்க் குவிந்திருப்பதையும்
குளிரில் மாவு பொங்க மறுப்பதையும் சொன்னான்.
என் படத்தில் ஒரு புள்ளி முந்நூற்று எழுபத்தைந்து மீட்டர்.
அவன் அடுப்படி, அவன் மாவு, அவன் முன்கோபம்
எல்லாம் சேர்ந்தும் அரைப்புள்ளி தேறாது.

ஜூன் இருபத்துமூன்று இரவு
(அங்கே இரவு கடிகாரத்தில் மட்டும்)
வெப்பப் படத்தில் ஒரு புள்ளி சிவந்தது.
தென்கரை. ஒரே புள்ளி.
இங்குன் நாற்காலியோடு உருண்டு வந்தாள்.
"மலையின் வாய் அங்கே இல்லையே."
அகப்பை எந்த இடத்திலும் ஓட்டையாகலாம் என்றேன்.
விதிப்படி நில அதிர்வு நிலையத்துக்குத்தான் முதலில் சொல்லவேண்டும்.
நான் அவனைக் கூப்பிட்டேன்.
பதினோரு முறை மணி அடித்தது.

எடுத்தபோது மூச்சு வாங்கியது.
பின்னால் கூச்சல், யாரோ தப்புத்தப்பாக அக்கார்டியன்.
"விலகிவிட்டது!" என்று கத்தினான்.
"அடிவாரத்திலிருந்து உச்சிவரை, முழுசாக!
கிடந்த மரத்தையெல்லாம் குவித்துக் கொளுத்திவிட்டோம்.
மலையையே பார்த்துக்கொண்டு நின்றதில்
மீன் மொத்தமும் கரி.
நீ சொன்ன விரிசல் எது, இடது பக்கமா?"
வலது என்றேன்.
நீ நிற்கும் இடத்திலிருந்து...
கண்ணை மூடி அந்தக் கரையில் ஒருமுறை நின்று பார்த்து
ஆமாம், வலது.

அறிக்கையில் ஒரு கட்டம்: வெப்பத்தின் காரணம்.
எரிமலை, கருவிப் பிழை, கப்பல், பிற.
'பிற' என்று குறித்தேன்.
விவரத்துக்கு ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.
லேனா ஆற்று மரம், பதினெட்டுப் பேர், கருகிய மீன்
என்று எழுதி, அழித்து,
'விறகு' என்று போட்டேன்.

அடுத்த சுற்றில் வெள்ளை.
தெற்கே இடஞ்சுழி ஒன்று தனியாக நின்றது.
வலஞ்சுழி இன்னும் வரவில்லை.